இன்னொரு பேச்சிக்கனி

வண்ணாரப்பேட்டைக் கடையில்
ஃப்ரிட்ஜ் வாங்கும்போது
பில் போடுகிற பையன் கேட்டான்:
"போன் நம்பர் சொல்லுங்கக்கா."
சொன்னேன்.
"பிறந்த தேதி? அன்னைக்கு ஆஃபர் வரும்."
வாத்தியார் குத்துமதிப்பாய் எழுதிய
ஜூன் ஒன்றைச் சொன்னேன்.
தவணைக்கு ஆதார் கேட்டான், பான் கேட்டான்,
பீடிக் கம்பெனி பி.எஃப். புத்தகத்தைப்
புரட்டிப் புரட்டிப் படம் பிடித்தான்.
முன்பணத்துக்குக் கார்டை அவன் கையில் கொடுத்துவிட்டு
ரகசிய எண்ணை மட்டும்
முந்தானையால் மறைத்து அழுத்தினேன்.
அவ்வளவு கெட்டிக்காரி.

எட்டு மாசம் கழித்து ஒரு குறுஞ்செய்தி.
அன்பான வாடிக்கையாளரே,
எங்கள் கணினிக்குள் அனுமதியின்றிச் சிலர் நுழைந்துள்ளனர்.
தங்கள் விவரங்கள் வெளியே சென்றிருக்க வாய்ப்புண்டு.
தங்கள் நம்பிக்கையே எங்கள் செல்வம்.

வெளியே சென்றிருக்க.
என்னவோ படல் திறந்து கிடந்து
ஆட்டுக்குட்டி போன மாதிரி.
குட்டி என்றால் பொழுது சாய
ஆற்றங்கரையில் கூப்பிட்டுப் பார்க்கலாம்.
ஜூன் ஒன்றை எங்கே போய்க் கூப்பிட?

முதலில் நாலாயிரத்து இருநூறு போனது.
கார்டை முடக்கினேன்.
பிறகு தபால்காரர் ஒரு காகிதம் கொண்டுவந்தார்.
நான் வாங்கிய பைக்குக்கு
மூன்று தவணை பாக்கியாம்.
வாங்கின ஊரின் பெயரை
இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்,
நாக்கில் நிற்கவில்லை.
வடக்கே நான் போனது கோவில்பட்டி வரைக்கும்.
அதுவும் ஒரு சாவுக்கு.

அங்கே ஒருத்தி இருக்கிறாள்.
ஒருத்தனாகவும் இருக்கலாம்,
எனக்கு ஒருத்தியாகத்தான் தெரிகிறாள்.
அவளுக்கும் வெயிலுமுத்துதான் அப்பா.
அவளுக்கும் முக்கூடல், மேலத்தெரு, அதே கதவு எண்.
முடி பறக்கச் சிவப்பு வண்டியில் போகிறாள்.
எனக்குச் சைக்கிளே விடத் தெரியாது.

வங்கியில் அதிகாரி நல்ல மனுசன்தான்.
"நீங்கதான் பேச்சிக்கனின்னு
முதல்ல உறுதி பண்ணணும்மா" என்றார்.
விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு.
சேலையில் துடைத்து வைத்தேன்.
எண்ணெய்த் தலையில் தேய்த்து வைத்தேன்.
இடது கை. சுண்டு விரல்.
பின்னால் நின்றவர் டோக்கனால் விசிறிக்கொண்டார்.

இருபத்தொரு வருசம்,
நாளுக்கு ஆயிரம்.
இலையை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி,
முனை மடக்கி, நூல் சுற்றி
சொளவில் போடும்போதெல்லாம்
கொஞ்சங் கொஞ்சமாய் ரேகையும்
உள்ளே போயிருக்கிறது போல.
இருபத்தைந்து இருபத்தைந்தாய்க் கட்டி
அனுப்பிவிட்டோம்.
யார் யாரோ பற்றவைத்து
என்னை ஊதித் தள்ளியிருக்கிறார்கள்.

ரேஷன் கடையிலும் மாசாமாசம் இதுதான்.
அரிசிக்குப் போனால் நான் நான் இல்லை.
கடனுக்கு என்றால்
கைநாட்டே வேண்டாம், நான்தான்.

திருநெல்வேலியில் புகார் எழுதிய போலீஸ்காரப் பிள்ளை
நாற்காலி போட்டு உட்காரவைத்தாள்.
"பாஸ்வேர்டை எல்லாம் மாத்திருங்க" என்றாள்.
மாற்றுகிறேன் தாயி,
அப்பா பெயரை எப்படி மாற்ற?
சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு
பதினாலு இலக்கத்தில் ஒரு புகார் எண் கொடுத்தாள்.
அதையும் யாரிடமும் சொல்லக்கூடாதாம்.

திரும்பும்போது பஸ்ஸில்
கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தார்,
மகளிர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.
வேறொன்றும் கேட்கவில்லை.
பேட்டை தாண்டும் வரை
அந்தத் துண்டைக் கையிலேயே வைத்திருந்தேன்.

நேற்று ஜூன் ஒன்று.
கடையிலிருந்து வாழ்த்து வந்தது:
இனிய பிறந்தநாள், பேச்சிக்கனி!
மிக்ஸிக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி.
எங்களில் யாருக்கென்று போடவில்லை.

முந்நூறு பீடி பாக்கி கிடந்தது.
ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.
வாய்விட்டே சொன்னேன்:

ஏளா, வண்டியப் பாத்து ஓட்டு.
விழுந்து தொலைச்சேன்னா
ஆஸ்பத்திரிச் செலவும்
எம் பேர்லதான் வரும்.